பன்னிரண்டு நிரைகள்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சமதரையான இடங்கள் மூன்றே மூன்று. காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக் களம் ஒன்று, கொழுந்து நிறுக்கும் கொட்டகை வாசல் ஒன்று, ஆற்றோரமாக இருந்த எங்கள் எல்லே விளையாட்டுத் திடல் மூன்றாவது. மற்றதெல்லாம் சரிவு. தொழிலாளர் வரிசை வீடுகளான மேட்டு லயத்தில் கையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழம் நழுவினால் கீழ் டிவிசனில் போய்த்தான் பொறுக்க வேண்டும். அந்த மூன்றில் ஒன்று எங்களை விட்டுப் போனது. அது என்னால் போனதா இல்லையா என்பதை நானும் ஐம்பது வருடத்துக்கு மேலாகக் கூட்டிக் கழித்துப் பார்க்கிறேன். விடை ஒருநாளைக்கு ஒன்றாக வருகிறது.

வருடம் அறுபத்தொன்றா அறுபத்திரண்டா என்பதில் கூட எனக்குக் குழப்பம் உண்டு. அப்போது நான் தோட்டத்து ஆபீசில் சின்னக் கிளாக்கர். செக்ரோல் எழுதுவது என் வேலை. யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை, யார் அரைநாள் என்று நானூற்றுப் பன்னிரண்டு பெயர்களுக்கு நேரே தினமும் கோடு போடுவேன். எண்ணும் பழக்கம் அதற்கு முன்பே இருந்தது. அந்த வேலை அதை முற்ற வைத்துவிட்டது. எல்லே அணிக்கு என்னைச் செயலாளராகப் போட்டதும் அதனால்தான். எனக்கு விளையாட வராது, ஓட்டங்களை எண்ண வரும்.

எல்லே ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சிங்களக் கிராமத்திலிருந்து எங்களுக்கு வந்த விளையாட்டு. பந்தை ஒருவர் தூக்கிப் போட, மற்றவர் மூங்கில் தடியால் அடித்துவிட்டு, நான்கு கம்பங்களையும் சுற்றித் திரும்பி ஓடி வர வேண்டும். அடித்த பந்தை எதிர் அணி பிடித்துவிட்டாலும், அடுத்த கம்பத்தைத் தொடும் முன் பந்தை எறிந்து ஆள் மேல் பட வைத்தாலும் ஆட்டம் போச்சு. எத்தனை பேர் ஆடுவது என்பது ஊருக்கு ஊர் பேசி வைத்துக்கொள்வது. எங்களுக்கும் கிராமத்துக்கும் பன்னிரண்டு பேர் என்று பேச்சு. சித்திரை வருடப் பிறப்போடு ஆட்டக் காலம் தொடங்கும்.

அணிக்குத் தலைவர் ஒரு கவ்வாத்துக்காரர். தேயிலைச் செடியை மட்டமாக வெட்டும் கத்தியில் அவருக்கு நிகர் அந்தத் தோட்டத்தில் இல்லை. என்னைவிட ஏழு வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைக் கிளாக்கரய்யா என்பார். ஆற்றோரத்துத் திடல் அவர் கையால் உண்டானது. கைவிட்டுப் போன பழைய நாற்றுமேடை அது, கல்லும் புல்லுமாகக் கிடந்தது. வேலை முடிந்த மாலைகளில் அவர் ஒருவராகவே கல் பொறுக்கத் தொடங்கினார், பிறகு மற்றவர்கள் சேர்ந்தார்கள். இரண்டாவது வருடத்தில்தான் நான் எண்ண ஆரம்பித்தேன். அதிலிருந்து மட்டும் இருநூற்று அறுபத்தெட்டுக் கூடை கல் ஆற்றங்கரைக்குப் போனது.

அந்த வருடம் தைப்பொங்கல் கழிந்த வாரத்தில் தோட்ட வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கையா ஒரு செய்தி சொன்னார். தோட்டத்தை நடத்தும் பெரிய துரை புது மாதிரித் தேயிலைக் கன்றுகளைப் பதியம் போட்டு வளர்க்கப் போகிறாராம். அதற்குத் தண்ணீர் பக்கத்தில் சமதரை வேண்டும், எங்கள் திடல் தோதாக இருக்கும் என்று நினைக்கிறாராம். மறுநாள் காலைப் பெரட்டில் எங்கள் கவ்வாத்துக்காரர் வரிசையை விட்டு முன்னால் போய்த் துரையிடம் நேரே கேட்டார். அப்படி யாரும் கேட்டதில்லை. துரை தமிழில், "சித்திரைக்கு முன்னால நான் வந்து பாக்கறது. நல்ல டீம் இருந்தா யோசிக்கலாம்" என்றார். எங்களுக்குக் கிடைத்த வாக்கு அவ்வளவுதான். யோசிக்கலாம் என்பது எத்தனை பங்கு சரி, எத்தனை பங்கு இல்லை என்று அன்று இரவெல்லாம் எனக்கு ஓடவில்லை.

நல்ல அணியாக நாங்கள் இல்லை. முந்திய வருட ஆட்டக் குறிப்பு என்னிடம் இருந்தது. பந்து எங்கே போனாலும் ஐந்தாறு பேர் சேர்ந்து ஓடினார்கள். அப்படி ஓடி ஒருவர்மேல் ஒருவர் விழுந்தது ஒன்பது தடவை. மண்டை உடைந்தது இரண்டு. ஆறு பேர் ஓடிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் வெறுமையாகக் கிடந்து ஓட்டங்கள் போனது பதினேழு. இதற்கு ஒரு வழி பண்ண வேண்டும் என்று யோசித்தபோது, தினமும் என் கண்ணெதிரே நடக்கும் காரியத்திலேயே வழி கிடைத்ததாக நினைத்தேன்.

கொழுந்து மலையில் காலையில் கங்காணி ஆளுக்கொரு நிரை காட்டிவிடுவார். தேயிலை வரிசைகளுக்கு நடுவே அவரவர் நிரையில் இறங்கி அவரவர் பறிக்க வேண்டும். அடுத்தவர் நிரையில் கை வைத்தால் சண்டை வரும். கவ்வாத்திலும் அதே ஒழுங்கு. இருநூறு பேர் ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் ஒரு மலையை முடிப்பது இதனால்தான். திடலையும் அப்படிப் பிரித்துக் கொடுத்தால் என்ன? நான் எட்டு வைத்து அளந்ததில் அகலம் அறுபது. பன்னிரண்டால் வகுத்தால் ஆளுக்கு ஐந்து எட்டு, மீதி இல்லை. மீதி இல்லாமல் வந்ததே எனக்கு நல்ல சகுனமாகப் பட்டது.

கவ்வாத்துக்காரரிடம் சொன்னேன். அவருக்கு உடனே விளங்கியது. மற்றப் பதினொரு பேருக்கும் சொல்லிக் கொடுக்கத் தேவையே இருக்கவில்லை. தோட்டத்தில் பிறந்தவனுக்கு நிரை என்றால் என்ன என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஸ்டோரில் சுண்ணாம்பு கேட்டு வாங்கி, கயிறு பிடித்து, அடிக்கும் இடத்திலிருந்து ஆற்றுப் பக்கம் வரை நேர் நேராகப் பன்னிரண்டு நிரைகள் போட்டேன். கோட்டைத் தாண்டுகிறவர் திடலை இரண்டு சுற்று ஓட வேண்டும் என்று கவ்வாத்துக்காரர் ஒரு சட்டம் வைத்தார். தன்னையும் அதிலிருந்து விலக்கவில்லை. மாசி மாதத்தில் ஒருநாள் பந்தைத் துரத்திப் பக்கத்து நிரையில் கால் வைத்துவிட்டு, யாரும் சொல்லாமலே இரண்டு சுற்று ஓடினார்.

மாலை நாலரைக்குத் தொடங்கினால் பனி இறங்கிப் பந்து தெரியாமல் போகும் வரை பயிற்சி. துரைமார் கிளப்பில் கழித்துப் போட்ட டென்னிஸ் பந்துகள் நான்கு இருந்தன, இரண்டு மயிர் உதிர்ந்தவை. மோதல்கள் நின்றுவிட்டன. முதல் வாரம் மூன்று, இரண்டாம் வாரம் ஒன்று, பிறகு ஒன்றுமே இல்லை. நான் நோட்டில் எழுதி எழுதி மகிழ்ந்தேன். கோட்டின் மேலேயே விழும் பந்துகளை நான் தனியாக எண்ணவில்லை. அதற்கு என் நோட்டில் ஒரு கட்டம் போடத் தோன்றவில்லை.

வருடப் பிறப்புக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை கிராமத்து அணியைப் பழக்க ஆட்டத்துக்கு அழைத்தோம். அவர்களுடைய தலைவர் வண்டி ஓட்டுகிறவர், எங்களோடு நல்ல பழக்கம். கோடுகளைப் பார்த்ததும் நின்றுவிட்டார். விளையாடத்தான் கூப்பிட்டீர்களா, கொழுந்தெடுக்கக் கூப்பிட்டீர்களா, கூடை கொண்டு வரவில்லையே என்று சிங்களத்தில் கேட்டார். அவருடைய ஆட்கள் சிரித்தார்கள். எங்கள் ஆட்களும் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் துரையின் மோட்டார் சைக்கிள் மேல் ரோட்டில் வந்து நின்றது. கண்டாக்கையா குடையோடு இறங்கி ஓடி வந்தார். அப்போது கிராமத்து அணி அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் பன்னிரண்டு பேரும் அவரவர் நிரையில், தோட்டத்து மரம் மாதிரி இடைவெளி பிசகாமல் நின்றார்கள். பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது.

வண்டிக்காரர் ஓங்கி அடித்த பந்து மேலே போய், நின்று, ஐந்தாம் நிரைக்கும் ஆறாம் நிரைக்கும் நடுவே இறங்கியது. ஐந்தாம் நிரை எங்கள் கவ்வாத்துக்காரர். ஆறாம் நிரை பெக்டரியில் ரோலர் மெசினில் வேலை செய்தவர். கவ்வாத்துக்காரர் ஓடி வந்தார். இன்னும் ஒரு எட்டு வைத்திருந்தால் பந்து அவர் கையில் இருந்திருக்கும். அந்த எட்டை வைக்கத் தூக்கிய கால் சுண்ணாம்புக் கோட்டுக்கு மேலே நின்று, பின்னால் போனது. நான் அதைப் பார்த்தேன். துரையும் பார்த்தார். பந்து கோட்டின் மேல் விழுந்து சுண்ணாம்பைக் கிளப்பிவிட்டு அங்கேயே கிடந்தது.

"எடுங்கண்ணே, ஒங்க நெரை" என்றார் ரோலர்க்காரர்.

"இல்லப்பா, அந்தப் பக்கந்தான் உருண்டுச்சு."

வண்டிக்காரர் நான்கு கம்பங்களையும் நடந்தே சுற்றி வந்தார். அன்றைக்கு அப்படிக் கோட்டில் விழுந்த பந்துகள் ஐந்து. ஐந்தையும் யாரும் எடுக்கவில்லை.

திடலுக்கு மேலே இருந்த மண் திட்டில் லயத்துப் பெண்கள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கவ்வாத்துக்காரரின் மனைவியும் அங்கே இருந்தார். கொழுந்தெடுப்பதில் முதல் கை. நான் அந்தப் பக்கமாகத் தண்ணீர் குடிக்கப் போனபோது அவர் என்னை நிறுத்தினார். "ஏங்க கிளாக்கரய்யா, மலையில பக்கத்து நெரைக்காரி பின்தங்கிட்டான்னா, முடிச்சவ அவ நெரையில எதிர்ல எறங்கி எடுத்துக் குடுப்பா. அதெல்லாம் ஒங்க செக்ரோல்ல எழுதுறது இல்லீங்களா?"

பக்கத்திலிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். செக்ரோலில் நிரை எண் உண்டு, ஆள் எண் உண்டு. எதிரில் இறங்குவதற்குக் கட்டம் கிடையாது. ஆறு வருடமாக அந்த மலைகளைப் பற்றி எழுதியும் அப்படி ஒன்று நடப்பது எனக்குத் தெரியாது. அடுத்தவர் நிரையில் கை வைத்தால் சண்டை என்பது மட்டும்தான் ஆபீசுக்கு வரும், சண்டை வந்தால்தானே ஆபீசுக்கு வருவார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றுவரை விளங்காதது. அணிகள் மாறும் இடைவேளையில் துரை திடலுக்குள் இறங்கினார். என் முதல் கோட்டில் தொடங்கிக் குறுக்கே நடந்தார். உதடு அசைந்தது. அவரும் எண்ணுகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, எண்ணுகிறவனுக்கு எண்ணுகிறவனைத் தெரியும். கடைசிக் கோடு வரை போனார், சட்டைப்பையிலிருந்து சிறிய நோட்டை எடுத்து எழுதினார், கண்டாக்கையாவிடம் கைத்தடியால் கோடுகளைக் காட்டி ஏதோ சொன்னார். என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். நான் உச்சி குளிர்ந்து போனேன். ஐந்து பந்து போனாலும் ஒழுங்கைப் பார்த்துவிட்டார், ஒழுங்கு தெரிந்த மனிதர், திடல் நமக்குத்தான் என்று கவ்வாத்துக்காரரிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். அவர் துரை போன பாதையையே பார்த்துக்கொண்டு, "எதுக்குங்கய்யா எட்டு வச்சுப் பாத்தாரு?" என்றார். அந்தக் கேள்வி எனக்கு வந்திருக்க வேண்டும்.

வருடப் பிறப்பு லீவு மூன்று நாளும் மழை. நான்காம் நாள் பெரட்டில் திடலில் நாற்றுமேடை போடப் பதினெட்டு ஆள் என்று போட்டிருந்தது. செக்ரோலில் அதை எழுதியவன் நான்தான். பதினெட்டில் முதல் பெயர் எங்கள் கவ்வாத்துக்காரர். நிலத்தின் வாகு அவருக்குத்தான் தெரியும் என்று கண்டாக்கையா சொன்னாராம்.

மத்தியானம் ஏதோ காரணம் சொல்லிக்கொண்டு போய்ப் பார்த்தேன். பாத்திகளுக்கு முளை அடித்துக் கயிறு கட்டியிருந்தார்கள். என் கோட்டின் மேலேயே கட்டினார்களா, தள்ளிக் கட்டினார்களா என்று பார்க்க நினைத்தேன். மழை சுண்ணாம்பை ஒரு பொட்டு மிச்சமில்லாமல் கழுவியிருந்தது.

துரை முதலிலேயே முடிவு செய்துவிட்டுத்தான் வந்தாரா? கோட்டில் நின்றுபோன அந்தக் காலைப் பார்த்த பிறகு முடிவு செய்தாரா? அல்லது நிலம் பாதி அளந்து கிடக்கிறது, மீதி வேலை சுலபம் என்று என் கோடுகளைப் பார்த்ததும் தோன்றியதா? காரணங்கள் மூன்று. முதலாவது என்றால் எனக்குப் பங்கில்லை. மற்ற இரண்டும் நான்தான்.

ஆட்டக் காலம் நின்றுவிடவில்லை. வண்டிக்காரர் தங்கள் ஊரில் அறுப்பு முடிந்த வயலில் எங்களையும் பழகச் சொன்னார். ஞாயிறுதோறும் ஆற்றைக் கடந்து போனோம். வயலில் கோடு போட யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் சுண்ணாம்பு கொண்டு போகவில்லை. முதல் ஆட்டத்தில் கவ்வாத்துக்காரர் மூன்று பேருடைய இடத்தைத் தாண்டி ஓடிப் போய் ஒரு பந்தைப் பிடித்தார். யார் மேலும் மோதவில்லை, மற்றவர்கள் தாமாக விலகினார்கள். அன்று எங்கள் ஓட்டம் எத்தனை என்று என் நோட்டில் இல்லை. ஏன் எழுதாமல் விட்டேன் என்றும் நினைவில்லை.

வைகாசியில் ஒரு மாலை நாற்றுமேடைப் பக்கம் போனேன். முளைக்குள் மண் கூட்டிப் பாத்திகள் எழும்பியிருந்தன, மேலே நிழலுக்குப் பன்னம் என்ற காட்டுச் செடியின் கீற்று செருகியிருந்தது. கவ்வாத்துக்காரர் பூவாளியால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். இனிமேல் கேட்காமல் இருக்க முடியாது என்று பட்டது.

"அண்ணே, என் கோட்டாலதானா இது போச்சு?"

அவர் பூவாளியைக் கீழே வைக்கவில்லை. தண்ணீர் தீரும் வரை ஊற்றிவிட்டுச் சொன்னார். "ஒங்க கோட்டுல போட்டிருந்தா ஒரு நெரைக்கு ரெண்டு பாத்தி, இருபத்துநாலுதானே வரணும்? இங்க இருபத்தேழு இருக்குங்கய்யா. தெனமும் தண்ணி ஊத்துறவன் சொல்றேன். இது அவங்க அளவு. ஒங்களுது இல்ல."

சரி என்றேன். அவர் மறுபடியும் தண்ணீர் மொள்ள ஆற்றுக்கு இறங்கினார்.

ஆனால் அங்கே வருவதற்கு முன்பே மேல் ரோட்டில் நின்று பாத்திகளை நான் எண்ணியிருந்தேன். ஒருமுறை அல்ல, மூன்று முறை. மூன்று முறையும் இருபத்துநான்கு. ரோட்டிலிருந்து பார்த்தால் ஆற்றோரத்துப் பன்னம் மறைக்கும் இடத்தில் மூன்று பாத்திகள் இருந்திருக்கலாம். கவ்வாத்துக்காரர் ஒரு மலையில் வெட்டிய செடிகளைப் பிசகாமல் சொல்லுகிறவர், எண்ணிக்கையில் தவறுகிறவர் அல்ல. பன்னத்துக்குப் பின்னால் போய்ப் பார்க்க இருபது எட்டு கூட இருக்காது. அவர் ஆற்றில் பூவாளியை அமுக்கிக்கொண்டிருந்தார், நின்று பார்த்திருக்கலாம். நான் திரும்பி மேட்டைப் பார்த்து நடந்தேன்.