ஏசிக்கு அடியில ஒரு மரியாதை சீட்டு

எந்த ஆபீஸ்லயும் மேனேஜரை விட அதிகமா ஏச்சு வாங்குற ஆளு, ஏசி ரிமோட்டைக் கையில வச்சிருக்கிற ஆளுதான். எங்க ஆபீஸ்ல அந்தப் பாவி நான். கே.கே. நகர்ல ஒரு மாடியில, இன்சூரன்ஸ் ஃபாரங்களைக் கம்ப்யூட்டர்ல ஏத்துற சின்ன ஆபீஸ். நான் ரிசப்ஷன், ரிமோட் என் டிராயர்ல. கொறைச்சா ஒருத்தர் தும்முவாங்க, கூட்டுனா ஒருத்தர் ஃபைலை எடுத்து விசிறுவாங்க.

ஏசிக்கு அடியில உக்காந்து வெறைக்கிறவங்களே, ஜன்னலோரம் உக்காந்து வேகுறவங்களே, உங்களுக்குத்தான் இது புரியும். இந்த ஏசியாலதான் எங்க பாண்டிச்செல்வி அக்கா வேலையை விட்டுட்டுப் போனாங்க. எனக்கு அந்த வருத்தம் இன்னும் ஆறலை.

பரிவட்டம்

ஏசி மாட்டுன அன்னைக்கு அதுக்குச் சந்தனம் குங்குமம் வச்சு, சூடம் காட்டி, பொங்கல் குடுத்தோம். அம்புட்டுப் பெரிய ஹாலுக்கு அது ஒண்ணுதான். காத்து நேரா எங்க விழுதுன்னு மேனேஜர் கையை நீட்டி நீட்டிப் பாத்துட்டு, செல்வி அக்கா மேசையை அங்க நகத்தச் சொன்னாரு. ஆபீஸ் தொறந்ததுல இருந்து இருக்கிறவங்க, எங்க எல்லாருக்கும் சீனியர். கோயில்ல பரிவட்டம் கட்டுன மாதிரி அக்காவுக்கு மொகமெல்லாம் சிரிப்பு. நாங்களும் கையைத் தட்டுனோம்.

அந்த வாரமே, பரவையில இருந்து பஸ்ல வந்து எறங்குன அக்கா, பையில இருந்து ஒரு கம்பளிச் சால்வையை எடுத்துப் போத்திக்கிட்டாங்க. வெளிய சித்திரை வெயில் மண்டையைப் பொளக்குது! என்னக்கா இதுன்னு கேட்டேன். "மரியாதை கொஞ்சம் குளுருது தாயி"ன்னாங்க.

பேட்டரி இல்லாத ரிமோட்

மேக்கால ஜன்னலோரம் முருகேசன் அண்ணன். பேரையூர்ல இருந்து தெனமும் பஸ்ல வர்ற மனுசன். உள்ள வரும்போதே சட்டை முதுகோட ஒட்டிக்கிடக்கும். அந்த ஜன்னலைத் தொறக்க முடியாது, ஏசிக்காகக் கண்ணாடியை வச்சு அடைச்சாச்சு. மத்தியானம் ஆச்சுன்னா வெயில் அவர் கன்னத்துலதான் வந்து உக்காரும். "தங்கச்சி, இன்னும் கொஞ்சம் கொறைங்க"ன்னு கத்திக்கிட்டே இருப்பாரு. கொறைச்சா செல்வி அக்காவுக்கு வெரல் மடங்காது. நான் என்னதான் செய்ய?

ஒருநாள் ரிமோட்ல இருந்து பேட்டரியைக் கழட்டிட்டேன். அண்ணன் கத்துனதும் எந்திரிச்சுப் போயி, ஏசிக்கு நேரா நீட்டி, அவர் பாக்கிற மாதிரி ரெண்டு தடவை அமுக்குனேன். அண்ணன் காலரைத் தூக்கிவிட்டுக்கிட்டு நாற்காலியில சாஞ்சாரு. "ஆகா, இப்பத்தான் தங்கச்சி உசுரே வந்துச்சு!"

காலண்டர் அட்டை

செல்வி அக்கா டைப் அடிச்சா முன்னாடியெல்லாம் சோளம் பொரியுற மாதிரி சத்தம் கேக்கும். அது கொறைஞ்சு போச்சு. தப்பு விழுக ஆரம்பிச்சது. மேனேஜர் கூப்பிட்டு விசாரிச்சதுக்கு, வயசாகுதுல்ல சார்னு சொல்லிட்டு வந்துட்டாங்க. குளுருதுன்னு ஒரு வார்த்தை சொல்லலை. இப்படியே போனா அக்காவை வீட்டுக்கு அனுப்பிருவாகளோன்னு எனக்குப் பக்குபக்குன்னு இருந்துச்சு.

மனசு கேக்காம, பழைய தினசரி காலண்டர் அட்டையை ஏசி வாய்க்குக் கீழ கயிறு போட்டுக் கட்டிவிட்டேன். காத்து திரும்பி நேரா மேனேஜர் ரூமுக்குள்ள போயிருச்சு. அவர் தலையில இருக்கிற நாலு முடியும் எந்திரிச்சு நின்னுச்சு. விறுவிறுன்னு வந்து அட்டையைப் பிச்சுப் போட்டாரு. "சீனியருக்குப் போற காத்தை மறிக்கிறது யாருய்யா? அவுகளுக்கு ஒரு மரியாதை வேணாமா?"

கரண்டு போன மத்தியானம்

ஒருநாள் மத்தியானம் கரண்டு போயிருச்சு. அடைச்ச ஹாலுக்குள்ள இட்லிச் சட்டி மாதிரி அவியுது. எல்லாரும் எந்திரிச்சு மாடிப்படிக்கு ஓடிட்டோம். முருகேசன் அண்ணன் கைக்குட்டையைத் தண்ணியில நனைச்சுத் தலையில போட்டுக்கிட்டாரு.

செல்வி அக்காவை மட்டும் காணோம். உள்ள போயிப் பாத்தா, சால்வையைக் கழட்டி மடிச்சு வச்சுட்டு, பேட்டரியில ஓடுற கம்ப்யூட்டர்ல தன்னந்தனியா டைப் அடிச்சுக்கிட்டு இருக்காங்க. பழைய வேகம்! நெத்தியில வேர்வை, வாயில ஏதோ பாட்டு. அம்புட்டு சந்தோசமா அவங்களை நான் பாத்து ரொம்ப நாளாச்சு. என்னையப் பாத்ததும், "கரண்டு வந்தா ஒடனே ஏசியைப் போட்டுறாத தாயி, இன்னுங் கொஞ்ச நேரம் இப்படியே இருந்துக்கிறேன்"னாங்க.

பொன்னாடை

அடுத்த மாசமே அக்கா வேலையை விடுறேன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. வீட்ல வேலை ஜாஸ்தின்னு காரணம் சொன்னாங்க. மேனேஜர் மனுசன் நல்லவரு, உண்மையிலேயே கண்ணு கலங்கிட்டாரு. அந்த ஏசிக்கு அடியிலேயே நிக்க வச்சுப் பொன்னாடை போத்துனாரு. அக்கா அதை இழுத்து நல்லாப் போத்திக்கிட்டதைப் பாத்தப்ப எனக்குச் சிரிக்கவும் முடியலை, அழுகவும் முடியலை.

இப்ப முருகேசன் அண்ணன்தான் சீனியர், அதனால அந்த சீட்டு அவருக்கு. மொத நாள் அங்க உக்காந்தவரு அண்ணாந்து ஏசியைப் பாத்தாரு, கீபோர்டைத் தொடவே இல்ல. என்னண்ணே, ஜில்லுன்னு இருக்கான்னு கேட்டேன். "இந்த எடத்துக்கு நான் எம்புட்டு ஏங்குனேன் தெரியுமா தங்கச்சி? அக்காவுக்குக் குடுத்த மரியாதையாச்சே, அதைப் போயி வாயத் தொறந்து கேப்பேனா?"ன்னாரு.

பரவை மார்க்கெட்

போன மாசம் பரவை மார்க்கெட்டுக்குக் காய் வாங்கப் போயிருந்தேன். ஒரு வெங்காயக் கமிஷன் கடையில, தகரக் கூரைக்குக் கீழ, செல்வி அக்கா பில்லு போட்டுக்கிட்டு இருந்தாங்க. தகரம் காய்ஞ்சு அனல் எறங்குது, அக்கா வெரலு பறக்குது. என்னையப் பாத்ததும் எந்திரிச்சு வந்து கட்டிக்கிட்டாங்க. ஒவ்வொருத்தர் பேரையும் சொல்லிச் சொல்லி விசாரிச்சாங்க. இங்க ஒடம்புக்கு நல்லாருக்கு, பேச்சுத் துணைக்குத்தான் ஆளில்லன்னாங்க. திரும்பி வாங்கக்கான்னு சொல்லலாம்னு பாத்தா, அவங்க வேலைக்கு வேற ஆள் எடுத்தாச்சு.

முருகேசன் அண்ணன் சொன்னதை அவங்ககிட்ட சொன்னேன். அக்கா வெங்காயச் சருகைக் கையால ஒதுக்கித் தள்ளுனாங்க. அப்புறம் சொன்னாங்க: "அந்த ஜன்னல் வெயிலைத்தான் தாயி நான் தெனமும் பாத்துக்கிட்டே இருந்தேன். குடுத்த எடத்தை வேணாங்கிறது மரியாதையா? முருகேசன் வேற வெளிச்சத்துக்குப் பிரியப்பட்டு உக்காந்திருக்குன்னு நெனச்சுட்டேன். எங்க ரெண்டு பேரையும் பாத்துக்கிட்டே இருந்தவ நீ, நீயாச்சும் கேட்டிருக்கலாம்ல?"

பத்தடி தள்ளிக் கெடந்த ரெண்டு நாற்காலியை மாத்திப் போடத் துப்பில்லாம ஒரு நல்ல மனுசியைத் தொலைச்சுட்டு, அதுக்கு மரியாதைன்னு பேரும் வச்சுக்கிட்டோம் பாருங்க, எங்களை என்னன்னு சொல்ல!