கதவுக்கு முட்டாக நிற்கும் பித்தளை வால்வு

எங்கள் வீட்டு முன்கதவைக் கடல்காற்று அறைந்து சாத்தாமல் இப்போது பிடித்து வைத்திருப்பது ஒரு பித்தளைச் சாமான். கைக்குள் அடங்கும், ஆனால் நல்ல பாரம். யாராவது அதைப் பார்த்து "இது என்ன?" என்று கேட்டால் உம்மா முந்திக்கொள்வார்: "என்ட மூத்த மகள் கழட்டினது!" எனக்கு வாய் திறக்க இடமே கிடைக்காது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

கற்பிட்டிப் பக்கம் எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர். குழாய்த் தண்ணீர் வந்த பிறகுதான் தேநீர் தேநீராக ருசித்தது. ஒரு வருடம் நோன்பு மாதத்துக்குச் சற்று முன்னர் சமைக்கிற குசினிப் பைப்பில் தண்ணீர் நூலாக இறங்கத் தொடங்கியது. தண்ணீர் குறைந்தால் எங்கள் ஆட்கள் முதலில் பார்ப்பது வேலிக்கு அப்பால்தான். பக்கத்து வீட்டு மாமி அப்போதுதான் புது மோட்டார் பூட்டியிருந்தார். "மோட்டரப் போட்டு நம்மட தண்ணிய இழுக்கிறா" என்று உம்மா வேலியோரம் நின்று சத்தமாகவே சொல்லிவிட்டார். நான் பிறந்த நாளில் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்த மாமி, அதைக் கேட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். நோன்பும் வந்தது. வருடா வருடம் வேலிக்கு மேலால் போய் வரும் கஞ்சிக் கோப்பை அந்த முறை போகவுமில்லை, வரவுமில்லை. நோன்பு திறக்கும் நேரம் உம்மா கஞ்சியைக் குடிக்காமல் கிண்டிக்கொண்டே இருப்பார். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

தையல் மெஷினைத் தானே கழற்றிப் பூட்டுகிற என் அக்கா, எங்கள் ராத்தா, உம்மாவோடு வாதாடவில்லை. தண்ணீர் மீட்டரடியில் இருந்த முற்றத்துப் பைப்பைத் திறந்தார். பீச்சிய தண்ணீரில் அவரே நனைந்துபோனார்.

"பாருங்க உம்மா, இங்க நல்லா வருது. மாமி இழுத்தா இங்கயும் குறையத்தானே வேணும்?"

அந்தப் பைப்புக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்தது தண்ணீரின் வேகத்தை மட்டுப்படுத்தும் வால்வு ஒன்றுதான். அதன் ஆணியைத் திருகிப் பார்த்தார், ஒன்றும் மாறவில்லை. மெயின் குழாயை அடைத்து, ஒரு ஸ்பானரால் குழாயை இறுக்கிப் பிடித்து, மற்றதால் வால்வைக் கழற்றினார். உப்புக்காற்றில் உள்ளே சுருள்கம்பி துருவேறி முறிந்து கிடந்தது. புத்தளத்தில் அதே அளவில் புதியது வாங்கிவந்து தானே பூட்டினார். குசினிப் பைப் இரண்டு தரம் இருமிவிட்டுக் கொட்டியது பாருங்கள், நான் கூச்சலே போட்டேன்! என்ட ராத்தா என்று தெருவெல்லாம் சொல்ல வேண்டும் போல இருந்தது.

நோன்பு திறக்கும் பாங்குக்கு முன் ராத்தா கோப்பையில் கஞ்சி வார்த்து உம்மாவின் கையில் வைத்தார். "தண்ணிய நான் சரியாக்கிட்டன். மிச்சம் உங்கட வேல."

உம்மா வேலிக்கு மேலால் நீட்டவில்லை. வாசல் வழியாகவே போனார். "பழுது நம்மட வீட்டுலதான். என்ன மன்னிச்சிருங்க" என்றார். மாமி கோப்பையை வாங்கவில்லை, உம்மாவின் கையைத்தான் பிடித்தார். "உள்ளுக்கு வாங்க, கஞ்சி ஆறிப்போகும்."

பழைய வால்வை வீச ராத்தா எடுத்தபோது உம்மா பறித்துக்கொண்டார். இன்றும் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பின் அதைக் கதவடியில் அவரே தள்ளி வைக்கிறார். மாமி வரும் நேரம் அது.