செந்தாமரை கேட்காத மன்னிப்பு

செந்தாமரைக்கு ஞானஸ்நானத்தில் ராகேல் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரில் அவளை யாரும் கூப்பிட்டதில்லை. சபைப் பதிவேட்டில் மட்டும் ராகேல். வாக்காளர் பட்டியலிலும் புருஷன் பழனியின் வாயிலும் செந்தாமரைதான். ஜவ்வாது மலையில் கல்லாத்திப்பட்டு என்ற நாற்பது வீட்டு ஊரில், மிஷன் மருந்தகத்தில் ஆயா வேலை பார்த்தாள். தரை கழுவுவாள், ஊசியைக் கொதிக்க வைப்பாள், காயம் துடைப்பாள், பிரசவம் என்றால் நர்சம்மாவுக்குக் கை கொடுப்பாள். ஊரில் பன்னிரண்டு வீடு வேதக்காரர்கள். மற்றவர்கள் தங்கள் சாமிகளோடு இருந்தார்கள். அந்த விஷயத்தில் தகராறு ஏதும் இல்லை. தகராறு வேண்டுமென்றால் அதற்குக் கட்சிகள் இருந்தன.

அவள் எந்தக் கட்சி என்பதை எழுதப்போவதில்லை. எழுதினால் படிப்பவர்களில் பாதிப் பேர் இந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார்கள். அவள் அந்தக் கட்சியில் சேர்ந்த கதையைச் சொன்னால் போதும். எழுபத்தொன்றில் அவளுடைய அப்பா புளி உலுக்கும்போது மரத்திலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அன்றைக்குப் புளி ஏற்ற லாரியோடு வந்திருந்தவர் வாணியம்பாடி வியாபாரி முக்தார் அகமது. ஏற்றிய மூட்டைகளில் பாதியை இறக்கிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் சாக்கு விரித்து அப்பாவைப் படுக்கவைத்து வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மூன்று நாள் அங்கேயே வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். லாரியின் முகப்பில் கட்சிக் கொடி கட்டியிருந்தது. அதற்குப் பிறகு கோயிலில் அடிபட்டவனைக் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு போன நல்ல சமாரியன் கதையை வாசிக்கும்போதெல்லாம் செந்தாமரைக்குக் கழுதை ஞாபகம் வரவில்லை, லாரிதான் வந்தது.

அவள் வீட்டுச் சுவரில் இயேசுநாதர் படமும் கட்சித் தலைவர் படமும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கின. சபையை நடத்திவந்த உபதேசியார் ஜீவரத்தினம் ஒருமுறை வந்து, "ரெண்டையும் ஒண்ணா மாட்டலாமாம்மா?" என்று கேட்டார். முக்தார் பாயுடன் வந்த கட்சிப் பேச்சாளர் ஒருவரும் அதையே வேறு காரணத்துக்காகக் கேட்டார். இருவருக்கும் அவள் ஒரே பதிலைச் சொன்னாள்: "அவங்க ரெண்டு பேரும் சண்ட போட்டுக்கலீங்களே."

ஒரு கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தையும் காட்டு என்ற வசனத்தை அவள் அப்படியே நம்பினாள். எழுபத்தேழு தேர்தலில் எதிர்க்கட்சிக்காரன் ஒருவன் அவள்மேல் சாணியை வீசினான். அவள் திரும்பி மறுபக்கத்தைக் காட்டினாள். அவன் அந்தப் பக்கமும் வீசினான். அதற்கப்புறம் என்ன செய்ய வேண்டும் என்று வசனத்தில் இல்லாததால், வீட்டுக்குப் போய்க் குளித்தாள்.

எண்பது மே மாதம் மறுபடி தேர்தல் வந்தது. பழனி பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடியில் கட்சி ஏஜெண்டாக உட்கார்ந்தான். ஒல்லியான ஆள், சத்தமாகப் பேசினால் அவனுக்கே இருமல் வரும். மத்தியானம் எதிர்க்கட்சி கோபால்சாமி தன்னுடைய ஓட்டைப் போட்டுவிட்டுப் போய், ஒரு மணி நேரம் கழித்து அவனுடைய அப்பாவின் ஓட்டைப் போட வந்தான். அப்பா செத்து நாலு வருஷம். பழனி அந்தப் பாடைக்குத் தோள் கொடுத்தவன். அதனால் எழுந்து ஆட்சேபணை சொன்னான். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கோபால்சாமி வெளியே போனான்.

சாயங்காலம் அவன் இரண்டு பேரோடு பழனி வீட்டுக்கு வந்தான். மூன்று பேரும் குடித்திருந்தார்கள். வாசலில் இருந்த கொடிக்கம்பத்தைப் பிடுங்கினார்கள். தடுக்கப்போன பழனியைக் கீழே தள்ளி, கோபால்சாமி அவன் நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்து, துண்டை அவன் கழுத்தில் போட்டு முறுக்கினான்.

செந்தாமரை உள்ளே கேழ்வரகுக் களி கிளறிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு, கையிலிருந்த கட்டையோடு வெளியே ஓடிவந்தாள். கோபால்சாமி பழனிக்குப் பங்காளி முறை, மூத்தவன். அவளும் அவனை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள்.

"வுட்டுடுணா," என்றாள்.

அவன் விடவில்லை.

"கோபால்சாமிண்ணா, வுட்டுடு. செத்துடுவாரு."

பழனியின் குதிகால்கள் மண்ணை உதைத்துக்கொண்டிருந்தன. மூன்றாவது முறை அவள் கத்தினாள். என்ன கத்தினாள் என்று பிறகு அவளுக்கே தெரியவில்லை. குதிகால்கள் நின்றுபோயின. அவள் களிக்கட்டையை இரண்டு கையாலும் ஓங்கி அவன் மண்டையில் ஒரே ஒரு அடி அடித்தாள்.

கோபால்சாமி பக்கவாட்டில் சரிந்தான். கூட வந்த இருவரும் அவரவர் வீட்டு வேலை ஞாபகம் வந்தவர்களைப் போலப் போய்விட்டார்கள். செந்தாமரை துண்டைத் தளர்த்தினாள். சற்று நேரத்துக்குப் பிறகு பழனி இருமினான். அவன் இருமலைக் கேட்டு அவள் அவ்வளவு சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை. அதற்கப்புறம்தான் கோபால்சாமியின் தலையிலிருந்து ரத்தம் கொட்டுவதைப் பார்த்தாள்.

மருந்தகத்தில் நர்சம்மா இல்லை. லீவில் ஊருக்குப் போயிருந்தார். பழனி ஒரு பக்கமும் செந்தாமரை ஒரு பக்கமுமாகக் கோபால்சாமியைத் தாங்கிக்கொண்டு போனார்கள். கழுத்து நெரிபட்டவன் நெரித்தவனைத் தூக்கிப் போனதை ஊரே பார்த்தது. நர்சம்மா தையல் போடுவதைப் பத்து வருஷமாகப் பக்கத்தில் நின்று பார்த்தவள் செந்தாமரை. ஊசியைக் கொதிக்க வைத்தாள், முடியை மழித்தாள், ஏழு தையல் போட்டாள்.

"வலிக்குதாணா?"

"வலிக்காம இன்னா பண்ணும்?"

"அசையாம இரு. கோணலாப் பூடும்."

மூன்றாம் நாள் போலீஸ் வந்தது. பாறையில் வழுக்கி விழுந்தேன் என்றான் கோபால்சாமி. ஒரு பொம்பளை களிக்கட்டையால் அடித்தாள் என்று எழுதிக்கொடுக்க அவனுக்கு மனசு வரவில்லை. எந்தப் பாறை என்று போலீஸ்காரரும் கேட்கவில்லை.

ஆனால் உபதேசியார் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபைக் கமிட்டி உட்கார்ந்தது. உபதேசியார் எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று அவரே நாலு பேரிடம் சொல்லியிருந்தார்.

"சபைக்கு முன்னால நின்னு, பாவம் பண்ணிட்டேன், மன்னிச்சுடுங்கன்னு ஒரு வார்த்த சொல்லிடும்மா. அதோட முடிஞ்சிது," என்றார்.

"அடிச்சது வருத்தம்தாங்க. ராத்திரி தூக்கமே வர்றதில்ல. ஆனா அடிக்காம இருந்திருந்தா எங்க வூட்டுக்காரரு இன்னிக்கு இல்ல. அதுக்கு எப்படிங்க மன்னிப்பு கேக்கிறது?"

"பேதுரு பட்டயத்த எடுத்து வெட்டினப்போ ஆண்டவர் இன்னா சொன்னாரு? உறையில போடுன்னாரு."

"ஆமாங்க. வெட்டின காத ஒட்ட வெச்சாரு. என்னால ஆனது, தையல் போட்டேன்."

கமிட்டி கூரையைப் பார்த்தது. பிறகு, அவள் மன்னிப்புக் கேட்கும்வரை அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் திருவிருந்தில் பங்கு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது. செந்தாமரை அடுத்த வாரத்திலிருந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். ஒரு வாரமும் தவறவில்லை.

கமிட்டி உட்கார்ந்த ஞாயிறு கழிந்த செவ்வாய்க்கிழமை முக்தார் பாய் லாரியோடு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"தங்கச்சி, ஒடுகத்தூர்ல இன்னிக்கு நம்ம கூட்டம். மேடைல உனக்குப் பொன்னாட போடுறாங்க. மகளிரணில பொறுப்பும் உண்டு. அந்தக் கட்டைய எடுத்துக்க, ஜனங்க பாக்கணுமாம்."

"அது களி கிளறுற கட்டைங்க பாய். சாயங்காலம் வேணும்."

கட்டை வரவில்லை. அவள் போனாள், முக்தார் பாய் கூப்பிட்டு மறுக்க அவளால் முடியாது. மேடையில் வீராங்கனை என்றார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், ஒலிபெருக்கியை முன்னால் தள்ளி நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவளுக்கு மேடையில் பேசத் தெரியாது. வீட்டில் பேசுவதைப்போல் பேசினாள்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. அடிச்சது பெருமை ஒண்ணும் இல்லீங்க. அன்னிக்கு வேற வழி தெரியல. இதுக்குக் கை தட்டாதீங்க, எனக்குக் கஷ்டமா இருக்குது. நாளைக்கிக் கோபால்சாமி அண்ணனுக்குத் தையல் பிரிக்கணும். சீக்கிரமா வுட்டுட்டா தேவல."

ஒலிபெருக்கி அவசரமாக வேறு கைக்குப் போனது. மகளிரணிப் பொறுப்பு பிற்பாடு படவேடு ஊரில் யாருக்கோ கிடைத்தது. திரும்பும்போதும் முக்தார் பாயின் லாரியில்தான் வந்தாள். பாதி மலை ஏறிய பிறகு, "நீ சொன்னது தப்பில்ல. ஆனா மேடைல சொல்ற விசயமில்ல," என்றார். அவள் பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "தெரியலீங்க பாய்," என்றாள்.

மன்னிப்புக் கேட்காதவள் என்று கோயிலிலும், பெருமைப்படத் தெரியாதவள் என்று கட்சியிலும் பெயராகிவிட்டது. அவள் யாரிடமும் சொல்லாதது ஒன்று உண்டு. களி கிளற உட்கார்ந்தால் அவள் கட்டையை எடுத்து எடுத்துக் கீழே வைத்தாள். பழனி இதைக் கவனித்தான். அவனே கிளற ஆரம்பித்தான். கட்டி கட்டியாக வந்தது. நாலு மாதம் அதையே சாப்பிட்டார்கள்.

திருவிருந்து கொடுக்கப் போதகர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மலைக்கு வருவார். மூன்று திருவிருந்து அவளைத் தாண்டிப் போயின. நான்காவது முறை புதுப் போதகர் வந்தார். வயசானவர், காது மந்தம். கமிட்டிக் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். அவள் நடந்ததை எல்லாம் சத்தமாகச் சொன்னாள். அவர் காதுக்காகச் சொன்னதை வெளியே நின்ற சபையும் கேட்டது.

"மறுபடி அதே மாதிரி ஒருத்தன் வந்தா இன்னாம்மா செய்வ?" என்று கேட்டார் போதகர்.

செந்தாமரை யோசித்தாள். பொய் சொல்லக் கூடாத இடம் அது.

"மூணு தடவ கூப்பிட்டேங்க. அடுத்த தடவ நாலு தடவ கூப்பிடுறேன்."

"அப்புறம்?"

"அப்புறம் ஆண்டவர்தாங்க பாத்துக்கணும், என்னையும் சேத்து."

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்று திருவிருந்தில் அவள் முழங்காலில் நின்றபோது அவளுக்கும் அப்பத்தைக் கொடுத்தார். உபதேசியார் திராட்சரசக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். பதிவேட்டில் எப்படி எழுதுவது என்று போதகரிடம் பிறகு கேட்டிருக்கிறார். "காயம் ஆறிவிட்டது" என்று எழுதச் சொன்னாராம். யாருடைய காயம் என்று எழுதப்படவில்லை.

எண்பத்துநாலில் வாக்குப்பதிவு டிசம்பர் இருபத்துநாலாம் தேதி வந்தது. மறுநாள் கிறிஸ்துமஸ். கோயில் கழுவ வேண்டும், அதிரசத்துக்குப் பாகு காய்ச்ச வேண்டும். காலையிலேயே ஓட்டைப் போட்டுவிட்டு வந்துவிடலாம் என்று செந்தாமரை வரிசையில் போய் நின்றாள். அவளுக்கு முன்னால் கோபால்சாமி நின்றுகொண்டிருந்தான். பனிக்குத் தலையில் துண்டைச் சுற்றியிருந்தான்.

"சாமை அறுத்துட்டியாணா?"

"பாதி ஆச்சு. பன்னி பூந்து கால்வாசிய தின்னுடுச்சு."

"பள்ளத்துக் கொல்லையிலயா?"

"அதுலதான். உங்க பண்டிகைக்குப் பூசணிக்கா ரெண்டு குடுத்தனுப்புறேன். பெருசாக் காய்ச்சிருக்குது."

"வசந்தி கையில குடுத்தனுப்புணா. அவளுக்கும் அதிரசம் தர்றேன்."

வசந்தி அவனுடைய மகள். சரி என்று தலையாட்டிவிட்டு அவன் உள்ளே போனான். அடுத்து அவள் போனாள். எப்போதும் போடும் சின்னத்துக்கே போட்டாள். விரலில் வைத்த மையை முந்தானையில் படாமல் ஊதிக்கொண்டே, துடைப்பத்தை எடுக்கக் கோயிலுக்கு நடந்தாள்.