பதினோராம் கேள்விக்கு என் பதில்

வெயிலில்தான் எழுத்துகள் முதலில் காணாமல் போயின. உப்புவெளியில் ஒரு வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, கையிலிருந்த படிவத்தில் வீட்டு இலக்கத்தைப் பார்க்கக் குனிந்தேன். தாள் வெறும் வெள்ளையாக இருந்தது. எண்ணும் இல்லை, கோடும் இல்லை. விறாந்தை நிழலுக்குள் ஏறி நின்றதும் எல்லாம் திரும்பி வந்தன.

பயம் வரவில்லை. வேடிக்கையாகத்தான் இருந்தது. வயது ஏற ஏற மங்கிய வெளிச்சத்தில் வாசிக்க முடியாமல் போகும் என்று கேள்விப்பட்டிருந்தேன். எனக்கு மாறி நடந்தது. மத்தியானத்தை விடப் பின்னேரம் ஆறு மணிக்கு நன்றாகத் தெரிந்தது. அன்றைக்கு நாலைந்து தரம் வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறி நின்று தாளைப் பார்த்தேன். வீட்டுக்காரர் என்ன நினைத்தாரோ தெரியாது.

அப்போது எனக்கு நாற்பத்தேழு வயது. லிங்கநகரில் நெடுங்காலம் முன்பள்ளி ஆசிரியையாக இருந்தவள். பள்ளி மூடப்பட்ட பிறகு ஒரு சுகாதார ஆய்வுக்குத் தகவல் சேகரிக்கும் வேலை கிடைத்தது. கண் நோய்களும் எலும்பு நோய்களும் திருகோணமலைப் பக்கத்தில் எவ்வளவு பேருக்கு இருக்கின்றன, எதனால் வருகின்றன என்று வீடு வீடாகக் கேட்டு எழுத வேண்டும். கண்ணையும் எலும்பையும் ஏன் ஒரே படிவத்தில் போட்டார்கள் என்று பயிற்சி நாளில் கேட்டேன். பயிற்சி தந்த இளம் பெண் டொக்டர் சிரித்தார்.

“ரெண்டையும் ஒண்டாக் கெடுக்கிற காரணங்கள் சிலது இருக்கு. வயசு, சீனி வருத்தம், புகைத்தல், சில மருந்துகள். கேட்டுக்கொண்டு போகேக்க உங்களுக்கே விளங்கும்.”

என்னோடு சோடியாக வந்தவள் றிஸானா. கிண்ணியாக்காரி, முப்பது வயது, படபடவென்று கதைப்பவள். முதலில் எங்களை நாங்களே அளந்து பழகச் சொன்னார்கள். அளவுப் பலகையில் என்னை நிறுத்திவிட்டு அவள் சொன்னாள், “அக்கா, சரியா ஐஞ்சடி.”

“இல்லை, நான் ஐஞ்சடி ஒண்டரை அங்குலம். முன்பள்ளி வேலைக்குச் சேரேக்க மருத்துவச் சான்றிதழில எழுதினது.”

மறுபடி அளந்தாள். ஐந்தடிதான். பலகையைச் சரியாகப் பொருத்தவில்லை என்று முடிவு செய்தோம். பிறகு குதிக்காலை ஒரு சிறிய பெட்டிக்குள் வைத்தேன் (எலும்பின் உறுதியை ஒலியலையால் மதிப்பிடும் கருவி). திரையில் சிவப்புக் கோடு வந்தது. டொக்டர் எட்டிப் பார்த்தார்.

“இது முடிவான சோதனை இல்லை. ஆனா ஒருக்காக் கிளினிக்கில காட்டுங்கோ.”

எலும்புக்குள் ஒலி எப்படிப் போகிறது என்று அவரிடம் நிறையக் கேட்டேன். என் குதிக்காலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

படிவத்தின் பதினோராம் கேள்வி: மூன்று மாதங்களுக்கு மேல் ஸ்டீரொய்ட் வகை மருந்து எடுத்ததுண்டா? பழகுவதற்காக றிஸானா அதை என்னிடம் வாசித்தாள். இல்லை என்றேன். அவள் அடையாளமிட்டாள்.

அந்த மாதங்கள் எனக்குப் பிடித்திருந்தன. சல்லியில் ஒரு மீனவருக்கு இரண்டு கண்ணின் ஓரத்திலும் சதை வளர்ந்திருந்தது. வெயிலும் காற்றும் நாளெல்லாம் கண்ணில் படுகிறவர்களுக்கு அது அதிகம் வரும் என்று படித்திருந்தோம். அவரோ, “கடலைப் பாத்த கண் எல்லோ, அப்பிடித்தான் இருக்கும்” என்றார். நிலாவெளியில் ஒரு அம்மாவுக்குக் கதிரையில் இருந்து எழும்பும்போது கை எலும்பு உடைந்திருந்தது. கேட்டுக்கொண்டே போக, படிவத்தின் பெட்டிகளுக்கு நடுவில் ஆட்கள் தெரியத் தொடங்கினார்கள். எனக்கும் முதுகின் கீழே, நாரியில், வலி இருந்தது. சைக்கிள் வலி என்று விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு நாள் கிண்ணியாவில் ஒரு வீட்டுக்குப் போனோம். அறுபது தாண்டிய பெண், முழங்கால் நோவு, ஒரு முறை மணிக்கட்டு உடைந்தவர். பதினோராம் கேள்வியைக் கேட்டேன்.

“ஸ்டீரொய்டா? அதெல்லாம் நான் எடுக்கிறல்ல மகள்.”

வீட்டிலுள்ள மருந்துகளையும் பார்க்க வேண்டும் என்பது விதி. அவர் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். றிஸானா அதிலிருந்த ஒரு மாத்திரைப் பட்டையைத் திருப்பி வாசித்தாள்.

“மாமி, இது பிரட்னிசொலோன். இதுதான் நாங்க கேட்ட மருந்து.”

“இதா? இது வாதக் குளிசையல்லவா?”

பட்டையை நான் கையில் வாங்கினேன். சின்ன வெள்ளைக் குளிசைகள்.

“றிஸானா, இது முட்டுக் குளிசை” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். “நீங்க எடுக்கிறீங்களா அக்கா?”

“ஓம்.”

“எவ்வளவு காலமா?”

ஒன்பது வருடம். முட்டு (ஆஸ்துமா, மூச்சுக்குழாய் சுருங்கி இழைக்கும் நோய்) ஒரு மாரிகாலத்தில் கடுமையாக வந்தபோது ஐந்து நாளைக்கு என்று எழுதித் தந்த மருந்து. மூன்றாம் குளிசையிலேயே மூச்சு லேசாகிவிட்டது. பிறகு நெஞ்சு இறுகும்போதெல்லாம் பழைய மருந்துத் துண்டைக் காட்டி வாங்கினேன். கொஞ்சக் காலத்தில், முட்டு வராமல் இருக்கட்டும் என்று, ஒவ்வொரு நாளும் ஒன்று. வாயால் இழுக்கும் மருந்தை டொக்டர் சொன்னபோது மறுத்தேன். பம்ப் பிடித்தால் பிறகு விட ஏலாது என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். பிள்ளைகளின் தாய்மார் பார்த்துவிடுவார்கள் என்ற கூச்சமும் இருந்தது. ஸ்டீரொய்ட் என்றால் உடற்பயிற்சிப் பெடியன்கள் போடும் ஊசி என்று நினைத்திருந்தேன். எனக்குத் தெரிந்த வரையில் என் “இல்லை” பொய்யில்லை.

அன்று பின்னேரம் குளிசைகளைக் குப்பைக்குள் போட்டேன். சீனன்குடாவில் மின்வேலை செய்யும் என் கணவர் குணம் கேட்டார், “டொக்டரிட்டக் கேட்டனீரா?”

“கேக்க என்ன இருக்கு? கூடாத மருந்தைத்தானே எறியிறன்.”

இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: நான் செய்ததைச் செய்யாதீர்கள். இரண்டாம் நாள் உடம்பு அடித்துப் போட்டதுபோல் ஆனது. மூன்றாம் நாள் சாப்பாடு வயிற்றில் நிற்கவில்லை. நாலாம் நாள் கிண்ணியா பஸ்ஸில் இருந்து இறங்கும்போது தெரு சரிந்தது. றிஸானா பிடித்திருக்காவிட்டால் தார் ரோட்டில் முகம் அடிபட விழுந்திருப்பேன். கண் விழித்தபோது வார்ட்டில் இருந்தேன். கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. மூச்சும் இழைத்தது.

“குளிசையை ஆரின்ர சொல்லில நிப்பாட்டினீங்கள்?” என்று வார்ட் டொக்டர் கேட்டார்.

“என்ர சொல்லில.”

அவர் ஏசவில்லை. கட்டிலின் ஓரமாக நின்று விளக்கினார். “இதைப் போல ஒண்டை உங்கட உடம்பே ஒவ்வொரு நாளும் சுரக்கும். சிறுநீரகத்துக்கு மேல இருக்கிற சுரப்பியின்ர வேலை அது. வருஷக்கணக்கா வெளியில இருந்து வந்ததால அது தன்ர வேலையை விட்டிட்டுது. திடீரெண்டு நிப்பாட்டினால் உயிருக்கே ஆபத்து. நாங்கள் மெல்ல மெல்லக் குறைப்பம்.”

நாரி வலிக்காக எக்ஸ்றே எடுத்தார்கள். டொக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். சதுரங்களாக அடுக்கியிருந்த முதுகெலும்புகளில் ஒன்று மட்டும் முன்பக்கம் நசுங்கி, ஆப்பு மாதிரி இருந்தது.

“இது பழைய உடைவு” என்றார். உயரம் குறைந்தது அதனாலும்தான். அளவுப் பலகையில் ஒரு பிழையும் இல்லை.

“எப்ப உடைஞ்சது டொக்டர்?”

“அதைச் சொல்ல ஏலாது. ஒரு வருஷமா இருக்கலாம், மூண்டாவும் இருக்கலாம்.”

நோயை விட இந்தக் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. பின்னேரம் பார்க்க வந்த குணத்திடமும் அதையே கேட்டேன்.

“நீர் ஒருநாள் காஸ் சிலிண்டரைத் தூக்கினனீர்” என்றார்.

“அது நாரிப்பிடிப்பு எண்டெல்லோ எண்ணெய் பூசினனாங்கள்.”

“அப்ப ஓட்டோ பள்ளத்தில விழுந்த அண்டைக்கு?”

“அண்டைக்கு நான் சிரிச்சனான். உங்களுக்குத்தான் தலையில இடிச்சது.”

இருமி இருமிப் படுத்த ஒரு வாரத்தையும் சேர்த்தோம். ஒன்றும் சரியாகப் பொருந்தவில்லை. என் எலும்பு ஒன்று உடைந்திருக்கிறது. அன்றைக்கும் நான் பள்ளிக்குப் போய்ப் பிள்ளைகளுக்குக் கைதட்டிப் பாட்டுச் சொல்லிக் கொடுத்திருப்பேன்.

கண் டொக்டர் என் கண்ணுக்குள் வெளிச்சம் பாய்ச்சிப் பார்த்தார். கண்புரை (கண்ணின் வில்லை மங்குதல்) இரண்டு கண்ணிலும் இருந்தது. வில்லையின் பின்பக்கத்தில், சரியாக நடுவில். இந்த மருந்தால் வரும் புரை பெரும்பாலும் அந்த இடத்தில்தான் வருமாம். வெயிலில் கண்மணி சுருங்கும்; அப்போது அந்த மங்கலுக்குள்ளால் மட்டுமே பார்க்க வேண்டிவரும். நிழலில் கண்மணி விரிந்ததும் மங்கலைச் சுற்றிக்கொண்டு வெளிச்சம் உள்ளே போகும்.

“அதுதானா!” என்றேன், சத்தமாக.

“புரை எண்டு சொன்னால் ஆக்கள் பயப்பிடுவினம். நீங்கள் சந்தோஷப்படுறீங்கள்” என்றார்.

சந்தோஷம்தான். மாதக்கணக்காக வெயிலிலும் நிழலிலும் நின்று பார்த்ததற்கு ஒரு காரணம் கிடைத்திருந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் அழுதேன். குணம் குசினிக்குள் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார்.

எலும்பின் அடர்த்தியைத் துல்லியமாக அளக்கும் சோதனைக்குக் கண்டி வரை போனோம். ஒஸ்டியோபொரோசிஸ் (எலும்பு உள்ளே அடர்த்தி குறைந்து எளிதில் உடையும் நோய்) உறுதியானது. நான் மறுத்த பம்ப் இப்போது என் கைப்பைக்குள் இருக்கிறது. அதிலும் கொஞ்சம் அதே வகை மருந்து உண்டு. ஆனால் பெரும்பாலும் மூச்சுக்குழாய்க்குள் மட்டும் போவதால் உடம்பெல்லாம் பரவுவது மிகவும் குறைவு. ஒன்பது வருடத்துக்கு முன்பே அதைப் பிடித்திருக்கலாம்.

வலது கண்ணுக்கு முதலில் சத்திரசிகிச்சை நடந்தது. கட்டு அவிழ்த்த அன்று துறைமுகப் பக்கம் போய் நின்று, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்த்தேன். புதிய வில்லை வைத்த கண்ணில் கடல் கூர்மையான நீலம். மற்றக் கண்ணில் ஒரு சொட்டு பிளேன்ரீ (பால் விடாத தேநீர்) விழுந்த தண்ணீர். இரண்டாம் கண்ணையும் செய்துவிட்டால் இந்த வித்தியாசம் தெரியாமல் போய்விடும் என்று குணத்தையும் காக்க வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உடம்பு தேறியதும் வேலைக்குத் திரும்பினேன். பதினோராம் கேள்வியின் சொற்களை இடையில் மாற்ற முடியாது என்றார் ஆய்வு டொக்டர். ஆனால் மருந்துகளை முதலில் பார்த்துவிட்டுக் கேள்வியைக் கேட்கலாம் என்று ஒப்புக்கொண்டார். இப்போது எந்த வீட்டிலும் முதலில், “முட்டுக்கு, வாதத்துக்கு, தோல் கடி சொறிக்கு ஏதும் குளிசை இருந்தால் கொண்டு வாங்கோ” என்கிறோம். கொண்டுவருகிறவர்களிடம், “நீங்களா நிப்பாட்டிப் போடாதேங்கோ, டொக்டரிட்டக் காட்டுங்கோ” என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

கண் ஒரே நாளில் திரும்பி வந்தது. எலும்பு அப்படியில்லை. அது தன்னை இடித்து இடித்துத் திரும்பக் கட்டிக்கொண்டே இருக்குமாம். இடிப்பதைக் குறைக்கத்தான் மருந்து. பலன் கிடைத்ததா என்று அறிய இரண்டு வருடம் பொறுக்க வேண்டும். அதுவரை உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியப்போவதில்லை. உடைந்தபோதும் தெரியவில்லைதானே.

ஞாயிறு காலைகளில் அந்த மருந்தை வெறும் வயிற்றில், நிறையத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, அது மேலே வந்து தொண்டையைப் புண்ணாக்காமல் இருக்க, அரை மணி நேரம் படுக்காமல், குனியாமல், ஒன்றும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். கிணற்றடியில் நேற்றையத் துணிகள் காயும் கொடியருகே நிற்பேன். குணம் எட்டிப் பார்த்து, “என்ன செய்யிறீர்?” என்பார்.

“எலும்பு கட்டுறன்.”

போன ஞாயிறு கொடியிலிருந்து ஒரு கிளிப் என் காலடியில் விழுந்தது. கை தன்பாட்டில் கீழே போகப் பார்த்தது. மணிக்கூட்டைப் பார்த்தேன். இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. அது கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு, நேராக நின்றேன்.