ஈயக்குட்டைத் தீவில் குறைந்த மின்சாரம்

மலேசியாவின் பத்து காஜா ஊருக்கு வெளியே ஒரு பழைய ஈயக்குட்டையின் நடுவில் சிறு மேடு ஒன்று இருக்கிறது. ஈயம் தோண்டிய காலத்தில் எதற்காகவோ விட்டுவைத்த மண். சுற்றிலும் ஆழமான பச்சைத் தண்ணீர். புஷ்பலதாவும் அவர் கணவர் தனேஸ்வரனும் அங்கேதான் வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள்.

புஷ்பலதா பிறந்தது ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். தோட்டம் ரப்பரை விட்டு எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறியபோது குடும்பம் ஈப்போ நகரத்துக்கு வந்தது. அங்கே மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தார். ஓடாத சர்க்யூட் பலகை ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. வேலையிலிருந்து நின்ற பிறகும் அந்தப் புத்தி அவரை விடவில்லை. கரைக்குப் போன இடத்தில் யார் வீட்டு மிக்ஸியாவது வேறு மாதிரி சத்தம் போட்டால்கூட காது அங்கேயே இருக்கும்.

காய்கறி பயிரிடத்தான் தனேஸ்வரன் மேட்டைக் குத்தகைக்கு எடுத்தார். தினமும் படகில் போய் வருவானேன், அங்கேயே இருந்துவிடலாம் என்றவர் புஷ்பலதா. குடிக்க மழைநீர்த் தொட்டி, சமைக்க கேஸ். கரையிலிருந்து மின்கம்பி இழுக்க வழியில்லை. சூரியத் தகடு வைக்கலாமென்றால் மேடு முழுக்க ரம்புத்தான் பழமரங்களின் நிழல். மரங்களை வெட்ட மனம் வராமல், புஷ்பலதா பிளாஸ்டிக் பீப்பாய்களில் தெப்பம் கட்டி, தகடுகளைத் தண்ணீரில் மிதக்கவிட்டார். வீட்டிலிருந்து பார்த்தால் தெரியாத கிழக்குப் பக்கம் அது. விளக்கு, காற்றாடி, சின்ன ஐஸ்பெட்டி, கங்கோங் கீரைப் பாத்திகளுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்பு எல்லாம் அந்த வெயிலிலேயே ஓடின.

சில மாதங்கள் கழித்து ஒரு வினோதம் தொடங்கியது. மேகமே இல்லாத காலையில், சுவர் மீட்டரில் மின்சாரம் திடீரென்று பாதிக்கும் கீழே இறங்கும். உச்சி வெயில் வரும்போது தானாகச் சரியாகிவிடும். மழை நாளில் குறைந்தால் கேள்வியில்லை. பளீரென்ற வெயிலில் ஏன் குறைகிறது?

தனேஸ்வரன் பேட்டரியைச் சந்தேகப்பட்டார். புஷ்பலதா சோதித்தார், அதில் குறையில்லை. கம்பி மூட்டுகளைப் பிரித்துப் பார்த்தார், அவையும் சுத்தமாகவே இருந்தன. ஈப்போவிலிருந்து ராஜு என்ற எலக்ட்ரீஷியன் வந்து, காலை முழுவதும் தெப்பத்தில் உட்கார்ந்து சோதித்தார். அன்று மீட்டர் இறங்கவே இல்லை.

"எல்லாம் நல்லாத்தான் இருக்குக்கா. ஆளைப் பாத்தா பயந்துக்குது போலலா," என்று சிரித்துக்கொண்டே போனார் ராஜு.

விளையாட்டாகச் சொன்ன அந்தப் பேச்சு புஷ்பலதாவை யோசிக்க வைத்தது. அவரே தெப்பத்தைத் துடைக்கப் போன காலைகளிலும் மின்சாரம் குறைந்ததில்லை. அப்படியானால் ஆள் இல்லாதபோது அங்கே என்ன நடக்கிறது? மறுநாள் காலை செராய் எனும் எலுமிச்சைப்புல் புதருக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

வெயில் ஏறியதும் தண்ணீரில் சில தலைகள் தெரிந்தன. நீர்நாய்கள், மலாயில் மெமெராங். பெரியதொன்று தெப்பத்தில் ஏறி, உடம்பைச் சிலிர்த்து, தகட்டின் மேல் முதுகைத் தேய்த்தது. பின்னாலேயே மற்றவையும் ஏறி, ஒன்றின் மேல் ஒன்றாகச் சாய்ந்துகொண்டன. கறுத்த கண்ணாடியின் இளஞ்சூடு அவற்றுக்குப் பிடித்திருந்தது. புஷ்பலதா கைப்பேசியில் கணவரை அழைத்து, மீட்டரைப் பார்க்கச் சொன்னார்.

"எறங்கிடுச்சு லதா. நீ என்னா செஞ்ச?"

"நான் ஒன்னும் செய்யல. மெமெராங் குடும்பம் படுத்திருக்கு. சத்தம் போடாம வாங்க, பாக்கலாம்."

இருவரும் புதருக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள். தகடு நன்றாகச் சூடேறியதும் நீர்நாய்கள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் இறங்கிப் போயின.

வலை கட்டி அடைத்துவிடலாம் என்றார் தனேஸ்வரன். புஷ்பலதாவுக்கோ அவற்றுக்கு வேண்டியது என்ன என்று தெரிந்தாக வேண்டும். பக்கத்தில் இன்னொரு தெப்பம் கட்டிக் கறுப்பு ரப்பர் பாய் விரித்தார். நீர்நாய்கள் மோந்து பார்த்துவிட்டுத் தகட்டுக்கே திரும்பின. எதிர்க்கரை மணலில் அவை புரண்டு உடம்பைக் காயவைப்பதைப் பிறகு கவனித்தார். ஒரு வாளி மணலை அள்ளிவந்து பாயில் கொட்டினார். சில நாள் தயங்கிய பிறகு கூட்டம் அங்கே மாறியது.

ஒரு குட்டி மட்டும் மாறவில்லை. இன்றும் தகட்டில்தான் படுக்கிறது. மீட்டர் கொஞ்சம் இறங்குகிறது. மணல் ஏன் அதற்குப் பிடிக்கவில்லை என்று புஷ்பலதா யோசித்துக்கொண்டிருக்கிறார். தனேஸ்வரன் பம்பு போடும் நேரத்தை மத்தியானத்துக்கு மாற்றிவிட்டார். கங்கோங் எப்போதும்போல வளர்கிறது.