சத்தமாக வாசித்த நிறை

மூன்று வருடங்களுக்கு முன், ஸ்கந்தபுரம் பக்கத்துப் பாடசாலையொன்றில் ஒன்பதாம் வகுப்புக்கு நான் வகுப்பாசிரியை. வருடாவருடம் பிள்ளைகளின் உயரமும் நிறையும் அளப்போம். நான் தராசைப் பார்த்துச் சத்தமாக வாசிக்க, வகுப்புத் தலைவி கொப்பியில் எழுதுவாள். நான் படித்த காலத்திலும் அப்படித்தான். அதில் என்ன பிழை?

அன்று தலைவியும் தராசில் ஏறினாள். என் வாய் சும்மா இருக்காது. "உனக்கு நெல்லு நிறுக்கிற தராசுதான் சரிவரும் போல" என்றேன். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தபடி தன் நிறையைத் தானே எழுதினாள். பகிடியைப் பகிடியாக எடுக்கிற பிள்ளை என்று மெச்சிக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து, விளையாட்டுப் போட்டிப் பயிற்சியின்போது மைதானத்தில் மயங்கி விழுந்தாள். வயலில் நின்ற தாய் சேற்றுக் காலுடன் சைக்கிளில் வந்தார்.

"வீட்டிலை ஒண்டும் சாப்பிடுறாளில்லை ரீச்சர். கேட்டால் பள்ளிக்கூடத்திலை சாப்பிட்டனான் எண்டுறாள். என்ரை சமையல்தான் பிடிக்கேல்லையோ தெரியாது" என்று அழுதார். பாடசாலையில் அவள் தன் சாப்பாட்டைப் பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுப்பதைக் கண்டிருக்கிறேன். இரக்க குணம் என்று நினைத்திருந்தேன்! அது அந்தத் தராசுப் பகிடிக்குப் பிறகுதான் தொடங்கியது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்தத் தாய் தன்னையே நொந்து அழுவதைப் பார்க்க முடியவில்லை. "உங்கட சமையலில்லை அம்மா, என்ரை வாய்தான்" என்று நடந்ததைச் சொல்லி, இருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். தாய் என்னை ஏசவில்லை, மகளின் தலையைத் தடவினார். வைத்தியரிடமும் உளவள ஆலோசகரிடமும் கூட்டிப்போனோம். பயமில்லாமல் ஒரு பிடி சோறு உண்ண அவளுக்கு மாதக்கணக்கானது.

அடுத்த வருடம் அதே பிள்ளைகள் பத்தாம் வகுப்பாக என்னிடமே வந்தார்கள். நிறை பார்க்கும் நாளில் அவளைத் தனியே அழைத்து, "நீ இந்தமுறை ஏறவேண்டாம்" என்றேன்.

"நான் ஏறுறன் ரீச்சர். ஆனா ஒருத்தற்றை நிறையையும் சத்தமா வாசியாதேங்கோ. எல்லாருக்கும் என்னை மாதிரித்தானே இருக்கும்" என்றாள்.

சொன்னவள் தராசைத் தூக்கிப்போய் அலுமாரிக்குப் பின்னால் வைத்தாள். பிறகு முதல் ஆளாக ஏறினாள். மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். அந்த வருடம் யாரும் சிரிக்கவில்லை, யாரும் தலைகுனியவும் இல்லை. எனக்கு அவளிடம் வந்த மரியாதையைச் சொல்லி முடியாது.

நான் அவளை மட்டுமே நினைத்திருந்தேன், அவளோ எல்லாப் பிள்ளைகளையும் நினைத்தாள். இப்போதும் ஒரு பிள்ளையின் உடம்பைப் பற்றி நாக்கு நுனிவரை பகிடி வரும்போது, அன்று அவள் தராசைத் தூக்கிக்கொண்டு போனது நினைவுக்கு வந்து என் வாயை மூடிவிடுகிறது.