போட்டோவுக்குக் கொஞ்சம் சேறு

நகரத்து ஏழைகளுக்கு வேலை கொடுத்துக் காப்பாற்றும் திட்டம் எங்கள் தெருவுக்கும் வந்து சேர்ந்தபோது, அதற்கு முதல் தொல்லையாக வாய்த்தவள் என் அம்மா. அவள் செய்த குற்றம், வேலையை முடித்துவிட்டாள்.

செங்கல்பட்டில் ரயில் பாதைக்குப் பின்னால் எங்கள் வீடு. வாசலை ஒட்டியே மழைநீர்க் கால்வாய். அது தூர்ந்து கிடந்ததால், ஏரிக்குப் போகவேண்டிய தண்ணீர் ஒவ்வொரு ஐப்பசியிலும் எங்கள் வீட்டுக்குள் வந்து தங்கிவிட்டுத்தான் போகும். அந்தக் கால்வாயையே தூர் வார ஆள் எடுக்கிறார்கள் என்றதும் அம்மா முதல் ஆளாக ஓடிப் பெயர் கொடுத்தாள். கூலிக்குக் கூலி, வீட்டுக்குள் தண்ணீரும் வராது.

நான் இன்னொரு திட்டத்தின் தயவில் மாமல்லபுரத்து ஓட்டல் ஒன்றில் வரவேற்பு மேசை வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அதற்கான இலவசப் பயிற்சியில் பாதி நாள் சிரிக்கத்தான் கற்றுக்கொடுத்தார்கள். கால்வாய் வேலை தொடங்கிய அன்று எனக்கு வார விடுமுறை. அம்மாவுக்கு டீ எடுத்துக்கொண்டு போனதால் முழுக் கூத்தையும் பார்க்கக் கொடுத்துவைத்தது.

அம்மாவும் கூட வந்த பெண்களும் நடவுக்குப் போய்ப் பழகியவர்கள். ஒரு கழனிக்கு மொத்தமாகக் கூலி பேசி இறங்கினால் வெயில் ஏறுவதற்குள் முடித்துக் கரையேறுவதுதான் அவர்கள் வழக்கம். கால்வாயையும் கழனி என்று நினைத்துவிட்டார்கள், பாவம். காலையில் செல்போனில் வருகைப் படம் எடுத்துவிட்டுப் போன மேற்பார்வையாளர், மதியப் படத்துக்குத் திரும்பி வந்தார். அவர் குறித்துக் கொடுத்த இடம் முழுக்கத் தரை தெரிந்தது. பெண்கள் நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மனிதர் பதறிப்போனார். "இன்னாம்மா இது? யாரு உங்கள முடிக்கச் சொன்னது?"

"வேலைன்னா முடிக்கறதுதானே சார்?" என்றாள் அம்மா.

"வேலை நடந்துகினு இருக்கற மாரி போட்டோ ஏத்தணும். சேத்துல நிக்கணும், கையில மம்மட்டி இருக்கணும். குந்திகினு இருந்தா எல்லாருக்கும் ஆப்சென்ட்தான்."

"கால்வாய் சுத்தமா கீதே, அத எடு சார்."

"சுத்தமா கீற கால்வாய்ல உங்களுக்கு இன்னா வேலைன்னு மேல கேப்பாங்க."

இதற்கு மேல் என்ன வாதாட முடியும்? ஆனால் அவர் நல்லவர், வழியும் அவரே சொன்னார். "கரையில கீற மண்ண உள்ள தள்ளுங்க. போட்டோ எடுத்துட்டு நாளைக்கு மறுபடியும் வாரிக்கலாம். இன்னொரு நாள் வேலை ஆச்சு பாரு." ஒரே சேற்றில் இரண்டு நாள் வேலைவாய்ப்பு. இவரையெல்லாம் நாட்டுக்கே பொறுப்பாகப் போடவேண்டும்.

எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். மண் விழப்போவது எங்கள் வாசலுக்கு நேரே. அம்மா வானத்தைப் பார்த்தாள். பிறகு மம்மட்டியை எடுத்து முதலில் அவளே தள்ளினாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏம்மா, மழை வர்ற மாரி கீது!"

"சும்மா இரு. நம்ம வூட்டுக்காக இவங்கல்லாம் கூலியில்லாம போவணுமா?"

படம் நன்றாக வந்தது. "சிரிங்கம்மா" என்றார் மேற்பார்வையாளர். அவர்களுக்குத்தான் அந்தப் பயிற்சி இல்லையே, யாரும் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. விடியும்போது கட்டில் கால்கள் தண்ணீருக்குள் இருந்தன. லீவு கேட்டால் கிடைக்காது என்பதால் ஈரப் புடவையோடு பஸ் ஏறினேன். ஓட்டலில் விருந்தாளிகள் கடல்மேல் மழை பெய்வதைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மதியம் அம்மா போன் செய்தாள். தண்ணீர் இன்னும் வடியவில்லை, கட்டில் மேல்தான் உட்கார்ந்திருக்கிறாளாம். "இன்னிக்கு வேலை இல்லன்னுட்டாங்க. ஆனா மழை வுட்டதும் நம்ம கால்வாய்ல நெறைய நாளு வேலை கீதாம்" என்றாள்.

சந்தோஷமாகத்தான் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.